கலர் லேசர் பிரிண்டர்: டிரம் மட்டும் மாற்றினால் போதுமா?

வணக்கம். ஈரோட்டில் நாலு பேர் வேலை செய்கிற ஆடிட்டர் ஆபீஸ் எங்களுடையது. மூன்று வருடமாக ஓடுகிற கலர் லேசர் மிஷினில் இப்போது பக்கத்துக்குப் பக்கம் நீலப் புள்ளி விழுகிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன், சரியாக 9.4 செ.மீ.க்கு ஒன்று. இப்படிச் சம இடைவெளியில் வந்தால் பெரும்பாலும் டிரம்மில்தான் (நிறத்துக்கு ஒன்றாக உள்ளே சுழல்கிற, படம் உருவாகும் உருளை) கீறல் இருக்கும். சயான் டோனர் (நீல மைப் பொடி) மாற்றியும் போகவில்லை. சர்வீஸ்காரரோ நாலு டிரம்மையும் டிரான்ஸ்ஃபர் பெல்ட்டையும் (நிறங்களைத் தாளுக்குக் கொண்டுபோகும் பட்டை) சேர்த்து மாற்றச் சொல்கிறார். நீல டிரம் ஒன்றை மட்டும் மாற்றிச் சரியானவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், மாதம் 1,500 பக்கம் அடிக்கிறோம், அதில் கலர் 300தான். இந்த அளவுக்கு ஐந்து வருடம் தாங்கிய மாடல் இருந்தால் பெயர் சொல்லுங்கள். செப்டம்பர் 30-க்குள் டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுகள் முடித்தாக வேண்டும், கொஞ்சம் அவசரம்.