டவருக்குக் குரல் போகவில்லை, எனக்கு எல்லாம் கேட்கிறது: செஸ்னா 172 ரேடியோ சந்தேகம்

மாணவ விமானி:
வணக்கம். நேற்று கிராஸ் கன்ட்ரி (வேறு ஊர் வரை போகும் பயிற்சிப் பறத்தல்) முடித்துத் திரும்பும்போது டவரை, அதாவது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை, அழைத்தேன். கேரியர் (குரலைச் சுமந்து வரும் ரேடியோ அலை) மட்டும் வருகிறது, குரல் இல்லை என்றார்கள். அவர்கள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பேசுவதற்கான பட்டனை அழுத்தும்போது ரேடியோவில் டிஎக்ஸ் (அலை வெளியே போவதைக் காட்டும் குறி) எரிந்தது. லோ வோல்டேஜ் விளக்கு எரியவில்லை. பயிற்றுநர் தன் பக்கத்திலிருந்து பேசி அனுமதி வாங்கினார். சீக்கிரமே சோலோ போகவேண்டும். தனியாக இருக்கும்போது இப்படி ஆனால் முதலில் எதைப் பார்ப்பது? உடனே டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் கருவி) 7600 என்ற ரேடியோ கோளாறு எண்ணைப் போட வேண்டுமா?

ஏவியானிக்ஸ் டெக்னீசியன்:
ஒன்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் இன்டர்காமில் (விமானத்துக்குள் ஹெட்செட் வழியாகப் பேசும் வசதி) நீங்கள் பேசியது பயிற்றுநருக்குக் கேட்டதா?

மாணவ விமானி:
கேட்கவில்லை சார். சைகையில்தான் சொன்னேன்.

ஏவியானிக்ஸ் டெக்னீசியன்:
அப்படியானால் ரேடியோவில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. டிஎக்ஸ் எரிகிறது, கேரியர் போகிறது, அதாவது பட்டனும் ரேடியோவும் வேலை செய்கின்றன. மைக்கிலிருந்து குரல்தான் உள்ளே வரவில்லை. ஹெட்செட்டில் தடித்த பிளக் காதுக்கு, மெலிந்தது மைக்குக்கு. மெலிந்தது கொஞ்சம் வெளியே நழுவினாலே நீங்கள் சொன்னதுதான் நடக்கும். அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால், சோலோவில் வலது பக்க ஜாக் (பிளக் செருகும் துளை) காலியாகத்தானே இருக்கும், அங்கே மாற்றுங்கள். பெரும்பாலான விமானங்களில் அப்போது வலது யோக்கில் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) உள்ள பட்டனைத்தான் அழுத்த வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு ஜாக்கும் போச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

பயிற்றுநர்:
தம்பி, இதையெல்லாம் விமானத்தை நேராக, உயரம் குறையாமல் ஓட்டிக்கொண்டே செய்யணும். பிளக்கைத் தேடிக் குனிந்து இறக்கை சரிந்தால் அதுதான் பெரிய ஆபத்து. வால்யூம், ஃப்ரீக்வென்சி, ஆடியோ பேனல் (எந்த ரேடியோவில் பேசுவது என்று தேர்ந்தெடுக்கும் பலகை), பிளக், அப்புறம் இரண்டாவது ரேடியோ, இந்த வரிசையில் பார். அதிலும் முடியவில்லை என்றால் 7600 போடு. காது கேட்கும்வரை டவர் சொல்வதைக் கேள். குரல் இல்லாமல் பட்டனை அழுத்தியே பதில் சொல்லச் சொல்வார்கள், இல்லை ஐடென்ட் (ரேடாரில் உன்னைத் தனியாகக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் பட்டன்) அழுத்தச் சொல்வார்கள். நீ இருக்கும் இடத்தையும் செய்யப்போவதையும் எப்படியும் பேசிக்கொண்டே இரு, டிரான்ஸ்மிட்டிங் பிளைண்ட் (பதிலை எதிர்பார்க்காமல் பேசுகிறேன்) என்று சொல்லி. காதும் போனால் டவரின் விளக்கைப் பார். நிலையான பச்சை என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. மின்னும் சிவப்பு என்றால் அங்கே இறங்காதே. பார்த்துவிட்டாய் என்பதற்கு இறக்கைகளை ஆட்டு.

பட்டன் சிக்கிக்கொள்வதுதான் எனக்குக் கவலையான விஷயம். கையை எடுத்த பிறகும் டிஎக்ஸ் எரிந்தால் அந்த ஃப்ரீக்வென்சியில் யாருமே பேச முடியாது. பட்டனைத் தட்டிப் பார், விடவில்லையென்றால் அந்த ரேடியோவை அணைத்துவிடு.

மாணவ விமானி:
இன்று எஞ்சினியர் பார்த்தார். இடது மைக் ஜாக்கைப் பிடித்திருக்கும் நட்டு தளர்ந்து, பிளக்கைத் தொட்டாலே ஆடியது. முறுக்கிவிட்டு இன்டர்காமில் பேசவைத்தார், குரல் வந்தது. இருவருக்கும் நன்றி.

பயிற்றுநர்:
நல்லது. டெக் லாக்கில் (விமானத்தின் கோளாறு, பழுதுபார்ப்புப் பதிவேடு) எழுதியாச்சா என்று கேட்டுக்கொள். நாளைக்கு வேறு ஒருவன் அதே சீட்டில் உட்காருவான்.