பதினேழு பூனைகளும் ஒரு பெட்டிசமும்

பூனைகளுக்குச் சோறு வைத்ததற்காகத் தோட்ட நிர்வாகத்திடமோ உள்ளூர் அதிகாரிகளிடமோ விளக்கம் சொல்ல நேர்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் மற்றவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில், என்னுடையதை முதலில் எழுதுகிறேன். இலங்கையின் மலையகத்தில், அட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் (அறையில்) நாங்கள் இருக்கிறோம். அம்மா கொழுந்தெடுத்த காலத்தில் கிடைத்த காம்பரா அது. அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் காம்பராவுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றிலும் என் வாயைக் கட்டிப்போட்டது அதுதான்.

முதலில் எங்களிடம் இரண்டு பூனைகள் இருந்தன. லயத்தில் பூனை வளர்ப்பது எலிக்காக. பிள்ளைகளும் கோழிகளும் நடமாடுகிற இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) எலிப் பாஷாணம் வைக்க எவருக்கும் மனம் வராது. 2022இல் சாமான்களின் விலை தாறுமாறாக ஏறியபோது, பிரதான வீதியோரத்தில் பூனைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி விட்டுச் செல்வது எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடந்தது. அவை கோயிலடிக்கும் தண்ணீர் எடுக்கிற பீலிக்கரைக்கும் வந்து, அங்கிருந்து எங்கள் கோடிப்புறத்துக்கு வந்து சேர்ந்தன. பூனை ஒன்பது வாரத்தில் குட்டி போடும். பிறந்த பெட்டைக் குட்டி ஐந்தாறு மாதத்தில் தானும் சினைப்படும். இந்தக் கணக்கு தெரிந்திருந்தும் நான் ஒரு வருடம் சும்மா இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அடுத்த ஆண்டின் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது பதினேழு இருந்தன.

என் மேல் பெட்டிசம், அதாவது முறைப்பாட்டு மனு, அதன் பிறகுதான் போனது. பதினொரு பேர் ஒப்பமிட்டிருந்தார்கள், அவற்றில் மூன்று கைநாட்டு. நிர்வாகத்துக்கு எழுதி, பிரதேச சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் பிரதி அனுப்பியிருந்தார்கள். இரவில் தகரத்தின் மேல் பூனைகள் சண்டை பிடிப்பதால் விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள் தூங்க முடியவில்லை என்பது முதலாவது குறை. பிள்ளை மடுவத்தின் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தின்) மணற்குழியைப் பூனைகள் அசிங்கப்படுத்துகின்றன என்பது இரண்டாவது. பூனைகளைக் காட்டி நான் வெளிநாட்டிலிருந்து காசு எடுக்கிறேன் என்பது மூன்றாவது. மூன்றாவதை வாசித்தபோது, கடையில் நெத்தலிக் கருவாட்டுக்கு நான் வைத்திருந்த கடன் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். ஆனால் முதல் இரண்டும் உண்மை. அவை உண்மை என்று அன்றே அந்தப் பதினொரு பேரின் வாசலுக்குப் போய்ச் சொல்லியிருந்தால், பின்னால் நடந்தவற்றில் பாதி நடந்திருக்காது. நானோ மூன்றாவது குறையில் பட்ட கோபத்தை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பொய் என்று பேசித் திரிந்தேன்.

நிர்வாகத்தின் கடிதம் பதினான்கு நாட்களுக்குள் 'எல்லாப் பிராணிகளையும்' அகற்றுமாறு சொன்னது. தவறினால் குடியிருப்பு மீள்பரிசீலனை செய்யப்படும் என்றும் ஒரு வரி இருந்தது. சபையின் கடிதம் முழுக்கச் சிங்களத்தில் வந்தது. அரச அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைத் தமிழில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருப்பதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நானே அதைப் பயன்படுத்தியது அன்றுதான் முதல் தடவை. தமிழ்ப் பிரதி கேட்டு எழுதினேன். அது வந்து சேர மூன்று வாரம் ஆனது, அதற்குள் சபை கொடுத்த தவணையும் முடிந்துவிட்டது. உரிமை இப்படியும் உதவும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

இந்த விடயத்துக்கு யார் பொறுப்பு என்பதை அறிய அலைந்ததுதான் பெரிய அலைச்சல். எங்கள் தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனவை. லயம் கம்பனியின் கையில் இருக்கிறது, நிலம் அரசுடையது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் சபைகள் தோட்டத்துக்குள் சேவை செய்வதைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். "திருத்தின பிறகும் ரோட்டுக்கு ஒரு லோட் கல்லுப் போட வராத சபை, பூனைக்கு வந்திருக்கு" என்று எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சொன்னார். நாய்களைப் பதிவதற்கு 1901ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. பூனைகளுக்கு அதில் இடம் இல்லை. ஒரு வீட்டில் எத்தனை பூனைகள் இருக்கலாம் என்பதற்கு எவரும் எனக்கு ஒரு பிரிவைக் காட்டவில்லை. சபையில் ஒருவர் 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டத்தைச் சொன்னார். தொல்லை என்று வந்துவிட்டால் கேள்வி எண்ணிக்கையைப் பற்றியதல்ல, நாற்றத்தையும் சத்தத்தையும் பற்றியது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு மழைநாளில் மோட்டார் சைக்கிளில் வந்தார். கோபத்தோடு வருவார் என்று நினைத்துத் தேநீர் ஊற்றி வைத்திருந்தேன். அவர் தேநீரைத் தொடாமல் நேராகக் கோடிப்புறத்துக்குப் போய்க் கழிவுநீர்க் கானை எட்டிப் பார்த்தார். கர்ப்பிணித் தாய்மார் எத்தனை பேர் இந்த லயத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய முதற் கேள்வி. பூனை மலத்தில் வரும் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம் என்றும், மலம் விழுந்து குறைந்தது ஒரு நாள் கழிந்த பிறகே அது தொற்றும் நிலைக்கு வருவதால் அன்றன்றைக்கு அள்ளிப் புதைத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும் என்றும் பொறுமையாக விளக்கினார். இரண்டு வருடம் எவரும் எனக்குச் சொல்லாததை அவர் பத்து நிமிடத்தில் சொன்னார். புறப்படும்போது, சூட்டுக்காக அவருடைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கும் தாங்கிக்கும் இடையில் ஒரு குட்டி நுழைந்து சுருண்டிருந்தது. இழுத்தால் வயரைப் பிடித்துக்கொண்டது. விட்டால் இன்னும் உள்ளே போனது. அம்மா கருவாட்டுத் தலையை நீட்டி அதை வெளியே எடுக்க அரை மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்து, குறிப்புப் புத்தகத்தில் 'அகற்றுக' என்று எழுதியிருந்ததை வெட்டிவிட்டு, 'கருத்தடை, தடுப்பூசி, மணற்குழிக்கு மூடி, மூன்று மாதம்' என்று எழுதினார்.

நான் ஒரு சீ.ஆர். கொப்பியில் பூனைகளைப் பதிய ஆரம்பித்தேன். நிறம், பால், காதில் உள்ள வெட்டு, தடுப்பூசி போட்ட திகதி ஆகியவற்றை எழுதினேன். பெட்டைகள் ஒன்பது இருந்தன. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்து ஒரு நடமாடும் கருத்தடை முகாமின் திகதியை அறிந்தேன். முதல் நாள் இரவு சோறு வைக்காமல், விடியற்காலையில் கொழுந்துக் கூடைக்குள் நெத்தலியை வைத்துப் பிடித்து, மேலே வலையைக் கட்டி லொறியில் ஏற்றினோம். முதலில் ஐந்து, அடுத்த முகாமில் நான்கு. சத்திர சிகிச்சை முடிந்ததற்கு அடையாளமாக இடது காதின் நுனியை வெட்டி விடுவார்கள். தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம் என்பதால் அதன் பிறகு வந்த எந்த அதிகாரிக்கும் நான் பதில் சொல்லத் தடுமாறவில்லை. மணற்குழிக்குப் பழைய தகரத்தில் மூடி செய்தவர், பெட்டிசத்தில் இரண்டாவதாக ஒப்பமிட்டிருந்த அண்ணன்தான். கடுவன்களையும் படிப்படியாகக் கருத்தடை செய்த பிறகு தகரத்துச் சண்டை குறைந்தது.

ஆனால் மூன்று மாதத் தவணை முடிவதற்கு முன்பே ஒரு நாள் நான் பாடசாலைக்குப் போயிருந்த நேரத்தில், யாரோ மூன்று பூனைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றுமே காது வெட்டப்பட்டவை. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். பிராணிகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தில் எழுதியிருந்த உச்ச அபராதம் நூறு ரூபாய் என்று அங்கே எனக்குச் சொல்லப்பட்டது. அன்று பொலிஸ் நிலையத்துக்குப் போய்வந்த முச்சக்கர வண்டிக் கூலியே அதைவிடப் பல மடங்கு. கொப்பியில் அந்த மூன்று வரிகளுக்கும் நேரே திகதியை மட்டும் எழுதினேன்.

*

ஊவாப் பக்கத்து ஒரு நகரத்திலிருந்து எழுதுகிறேன். டீச்சர் எழுதியதில் பரிசோதகரைப் பற்றிய பகுதியை வாசித்தபோது எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் தையற்கடை வைத்திருக்கிறேன். மேல்மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். சந்தைப் பக்கத்துப் பூனைகள் ஆறேழுக்குக் கடை பூட்டிய பிறகு சோறு வைப்பேன். நகர நிர்வாகத்திலிருந்து வந்தவர் பூனைகள் யாருடையவை என்று கேட்டபோது, பயத்தில் என்னுடையவை அல்ல என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உரிமையாளர் இல்லாத பிராணிகள், நாங்கள் விரும்பியபடி செய்வோம் என்றார். என்னுடையவை என்று சொல்லியிருந்தால் என் மேல் அறிவித்தல் ஒட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் அடிபடுகிற மத்தளம் போல நின்றேன்.

அந்த வாரமே பக்கத்துக் கடைக்காரரின் மகளை ஒரு பூனை கீறிவிட்டது. பிள்ளையின் கையைச் சவர்க்காரம் போட்டு, குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நீர்வெறுப்பு நோய்க்கான (ரேபீஸுக்கான) ஊசியை ஆரம்பித்தோம். அந்த ஊசி அங்கே இலவசம். வீட்டார் பூனையை உடனே அடித்துக் கொல்ல வேண்டும் என்று நின்றார்கள். அதைத் தடுத்தவர், முதல் நாள் என்னை மிரட்டிய அதே உத்தியோகத்தர். அடித்துக் கொன்று புதைத்துவிட்டால் நோய் இருந்ததா என்று அறிய வழியே இல்லை. தலையைப் பனிக்கட்டியில் வைத்துக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டி வரும். கட்டி வைத்துப் பத்து நாள் பார்த்தால், அது உயிரோடு நலமாக இருந்தால் கீறிய அன்று அதன் எச்சிலில் கிருமி இருக்கவில்லை என்று அர்த்தம். அவர் இதைக் கடை வாசலில் கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பழைய கோழிக்கூட்டில் அதை வைத்துப் பார்த்தேன். பத்து நாளும் காலையும் மாலையும் அந்தப் பிள்ளையின் தகப்பன் வந்து குனிந்து பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார். பதினோராம் நாள் கூட்டைத் திறந்தேன். அன்று முதல் பூனைகள் யாருடையவை என்று யார் கேட்டாலும் என்னுடையவை என்றே சொல்கிறேன்.

*

நான் சொல்லப் போவது இங்கே பலருக்குப் பிடிக்காது. ஒதுக்குக் காட்டை ஒட்டிய ஒரு மரக்கறித் தோட்டத்தில் இருக்கிறேன். காட்டு எல்லையில் பூனைகளுக்குச் சோறு வைத்ததற்காக வனசீவராசிகள் உத்தியோகத்தர்கள் என்னைக் கூப்பிட்டு எச்சரித்தபோது எனக்கும் கோபம் வந்தது. பூனை பசித்தால்தானே வேட்டையாடும், வயிறு நிறைந்தால் ஏன் பறவையைப் பிடிக்கப் போகிறது என்று வாதாடினேன். அடுத்த வாரம், வயிறு புடைக்கச் சாப்பிட்டு எழுந்த என் பூனையே ஒரு கொம்பு ஓணானைக் கவ்விக்கொண்டு வந்து வாசற்படியில் போட்டது. மூக்கு நுனியில் கொம்பு வைத்த அந்த ஓணான் இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. மஞ்சட்காதுச் சின்னானும் இந்தத் தீவின் மலைகளுக்கே உரிய பறவை. லயத்துக் கோடியில் சோறு வைப்பதும் காட்டோரத்தில் சோறு வைப்பதும் ஒன்றல்ல என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பாத்திரத்தைக் காட்டோரத்திலிருந்து எடுத்து வீட்டுக்குப் பின்னால் வைத்தேன். இருட்டியதும் பூனைகளை விறகுக் கொட்டிலில் அடைக்கிறேன். எங்கள் பக்கத்தில் சிறுத்தை வந்து நாயைத் தூக்கும் என்பதால் அடைப்பது அவற்றுக்கும் நல்லது.

*

காட்டோரத்து அண்ணன் எழுதியது எனக்குப் பிடிக்காமல் போகவில்லை. எங்கள் லயத்துக்கு மேலேயும் மலை முடிந்தவுடன் காடுதான். இரவில் அடைப்பதைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. தையற்கடை அக்கா கேட்காமலே ஒன்று சொல்கிறேன்: தடுப்பூசி அட்டைகளை அறிவித்தல் வந்த பிறகு தேடாமல் இப்போதே ஒரே உறையில் போட்டு வையுங்கள். நிர்வாகத்தின் கடிதம் இன்னும் மீளப் பெறப்படவில்லை. குடியிருப்பைப் பற்றிய அந்த வரி அப்படியே இருக்கிறது. கொப்பியின் கணக்கில் இன்றைக்குப் பன்னிரண்டு. நேற்றுப் பீலிக்கரையில் காது வெட்டாத சாம்பல் நிறப் பெட்டைப் பூனை ஒன்றைக் கண்டேன். அடுத்த முகாம் எந்தத் திகதியில் என்று அறிந்தவர்கள் எழுதுங்கள். கூடையைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.