கோப்பின் முடிவும் பைப்பின் முடிவும்: கேக்யூவில் நான் தேங்கி நின்ற இடம்

உள்ளீட்டில் வரும் வரிகளை எண்ணிச் சொல்லும் சிறிய நிரல் ஒன்றை ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தில், உள்ளீடு தயாரானதும் நிரலுக்கு அறிவிக்கும் கேக்யூ (kqueue) வசதியைக் கொண்டு எழுதியிருந்தேன். இன்னொரு கட்டளையின் வெளியீட்டைப் பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக்கும் குழாய்) வழியாக அனுப்பியபோதெல்லாம் அது ஒழுங்காக முடிந்தது. அதே தரவைக் கோப்பில் வைத்து அக்கோப்பை உள்ளீடாகத் திருப்பிவிட்டபோதோ, கடைசி வரி வரை படித்துவிட்டு, எண்ணிக்கையை அச்சிடாமல் அசையாது நின்றுவிட்டது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. படித்த தரவைத் தற்காலிகமாக வைக்கும் என் இடையகத்தில்தான் கோளாறு என்று நம்பி அரை நாளை வீணாக்கிய பிறகே கையேட்டைத் திறந்தேன் (முதலில் திறந்திருக்க வேண்டும்).

பைப்பின் எழுதும் முனையை வைத்திருக்கும் கடைசி நிரலும் அதை மூடிவிட்டால், கேக்யூ உள்ளீடு முடிந்ததைக் குறிக்கும் ஈவி_ஈஓஎஃப் (EV_EOF) என்ற கொடியை உயர்த்தி நம்மை எழுப்பிவிடுகிறது. சாதாரணக் கோப்பிலோ, படிக்கும் இடம் கோப்பின் முடிவில் இல்லாத வரையில்தான் அறிவிப்பு வரும். மீதமுள்ள பைட்டுகளின் எண்ணிக்கையும் அதனுடன் கிடைக்கும். முடிவை எட்டியதும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மௌனமாகிவிடுகிறது. தரவைப் படிக்கும் ரீட் அழைப்பு, முடிவுக்கு அடையாளமாக 0 திருப்பும் என்று நான் காத்திருந்தேன். ஆனால் அந்த அழைப்பைச் செய்யச் சொல்லும் நிகழ்வே வரவில்லை. காலியான கோப்பைக் கொடுத்தால் முதல் அறிவிப்புகூட வராது. யோசித்தால் இதில் நியாயம் இருக்கிறது: மூடப்பட்ட பைப்பில் இனி எதுவும் வராது, கோப்பிலோ யாரும் எப்போதும் மேலும் எழுதலாம். வளர்ந்துகொண்டே இருக்கும் பதிவுக் கோப்பைத் தொடர்வோருக்கு இந்த மௌனமே வசதி.

லினக்ஸில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. சாதாரணக் கோப்பைச் சேர்க்க முயன்றால் அங்கே கேக்யூவைப் போன்ற வசதியான ஈபோல் (epoll), ‘அனுமதியில்லை’ என்னும் ஈபெர்ம் (EPERM) பிழையுடன் மறுத்துவிடுகிறது. அதே வேலையைச் செய்யும் போல் (poll), செலக்ட் (select) அழைப்புகள் இரண்டும் கோப்பை எப்போதும் தயார் என்றே சொல்லும். இப்போது என் நிரல் தொடக்கத்திலேயே கோப்பின் விவரங்களைத் தரும் எஃப்ஸ்டாட் (fstat) அழைப்பு மூலம் உள்ளீட்டின் வகையைப் பார்த்து, கோப்பாக இருந்தால் நிகழ்வு வரிசைக்கே அனுப்பாமல், 0 வரும் வரை நேரடியாகப் படித்துவிடுகிறது.

மற்றோர் உறுப்பினரின் பகிர்வு:

நான் பைப்பிலேயே இருமுறை அடிபட்டவன். எழுதும் முனை மூடப்பட்டதைச் சொல்லும் ஈபோலின் ஈபோல்ஹப் (EPOLLHUP) அறிவிப்பு வந்தவுடன் பைப்பை மூடிவிட்டதால், உள்ளே படிக்கப்படாமல் கிடந்த கடைசிப் பகுதியை இழந்தேன். அந்த அறிவிப்பு ‘படிக்கத் தரவு உண்டு’ என்னும் ஈபோலின் (EPOLLIN) அறிவிப்புடன் சேர்ந்தே வரக்கூடும் என்பதால், ரீட் 0 தரும் வரை படித்த பிறகே மூட வேண்டும். மறுமுறை அந்த அறிவிப்பே வரவில்லை. ஃபோர்க் (fork) அழைப்பால் என் நிரலிலிருந்து பிரித்த வேறொரு குழந்தைச் செயல்முறை, எழுதும் முனையின் நகலைத் தனக்கே தெரியாமல் திறந்து வைத்திருந்தது. பைப்பை உருவாக்கும் பைப்2 (pipe2) அழைப்பில் ஓ_குளோஎக்ஸெக் (O_CLOEXEC) கொடியைச் சேர்த்தபின், அந்தக் குழந்தை எக்ஸெக் செய்த (வேறு நிரலாக மாறிய) கணமே நகல் மூடப்பட்டது.