மறு: பிசினஸ் கிளைமேட்டுக்குத் தமிழில் என்ன?

> பிளஸ் டூ பொருளியல் குறிப்பில் ‘தொழிற்சூழல்’ என்று போட்டிருக்கிறேன். போதுமா?

டீச்சர், வணக்கம்.

சூழல் வேண்டாம் என்பேன். உங்கள் பிள்ளைகள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக்காரர்கள். பிளாச்சிமடை அவர்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே 2000-இல் வந்த கோக்க கோலா ஆலை, நிலத்தடி நீருக்காக நடந்த போராட்டத்துக்குப் பிறகு 2004-இல் நின்றது. அதை இதே பாடத்தில் எழுதினால் தொழிற்சூழலும் சுற்றுச்சூழலும் ஒரே வரியில் முட்டிக்கொள்ளும். ‘சூழல் அனுமதி’ என்றால் எந்தச் சூழல்?

‘ஈஸ் ஆஃப் டூயிங் பிசினஸ்’ என்பதற்கு நாளிதழ்கள் எழுதும் ‘எளிதாகத் தொழில் தொடங்குதல்’ பாதிக் கிணறுதான். அந்தப் பெயரில் நாடுகளை வரிசைப்படுத்தி, உலக வங்கி 2021-இல் கைவிட்ட அறிக்கை பத்துத் தலைப்புகளில் மதிப்பெண் போட்டது. மின் இணைப்பு, வரி, ஒப்பந்த வழக்கு, கடைசியில் நொடித்த நிறுவனத்தின் கணக்கை முடிப்பது வரை உண்டு. தொடங்குவது அதில் ஒன்றே ஒன்று. கேரளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் வந்த சிறுதொழில் சட்டப்படி ஒப்புகைச் சீட்டு வாங்கிவிட்டால், மூன்று ஆண்டுகள் வரை மற்ற உரிமங்களுக்குக் காத்திராமல் பட்டறையை ஓட்டலாம். சரி, தொடங்கியாயிற்று. வாசலில் லாரி வந்து நின்றால் சரக்கை இறக்குவது யார்? இறக்காமல் பார்த்துக்கொண்டு நின்ற சுமைத் தொழிலாளிக்கும் அழுத நோக்குகூலியை அரசு 2018 மே தினத்தில் தடை செய்தது. அந்தச் சீர்திருத்தத்தைத் ‘தொடங்குதல்’ என்ற சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

என் முன்மொழிவு: தொழில்தோது. ‘தோதான இடம்’ எல்லோரும் சொல்வதுதான். கூடும், குறையும் என்றும் எழுதலாம். புணர்ச்சி பார்த்துத் ‘தொழிற்றோது’ என்று திருத்த வருகிறவர்கள், அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு வரவும்.

- பொள்ளாச்சியிலிருந்து

* * *

> என் முன்மொழிவு: தொழில்தோது

அண்ணா, சொல் அழகு. ஆனால் வாளையார் எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்தால் ஓடாது. மலையாளத்தில் தோது என்றால் அளவு, விகிதம். மழைக்காலத்தில் செய்தியைத் திறந்தாலே அந்தச் சொல்தான். தொழில் என்றால் வேலை. ஆக, எங்கள் பிள்ளைகள் இதை ‘வேலைவாய்ப்பு விகிதம்’ என்றுதான் படிப்பார்கள். வம்பு என்னவென்றால், அதுவும் இதே பாடத்தில் வருகிறது. இங்கே வியவசாயம் என்றால் தொழில்துறை. கஞ்சிக்கோட்டு ஆலைகளுக்குப் புதிதாக வரும் நம் ஆட்கள் அந்தப் போர்டைப் பார்த்து விவசாய ஆபீஸ் என்று நினைத்துக்கொள்வது போதாதா?

வாகு எப்படி? ‘வாகா உட்காரு’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதே வாகு. தொழில்வாகு. புணர்ச்சித் தகராறும் இல்லை. குறிப்பில் வைத்துப் பார்த்தேன்:

“2020-இல் மத்திய அரசு வெளியிட்ட மாநிலங்களின் தொழில்வாகுப் பட்டியலில் ஆந்திரம் முதலிடம், தமிழ்நாடு 14, கேரளம் 28. 2024-இல் வந்த பட்டியலில் கேரளம் ஒன்பது பிரிவுகளில் முன்னணிக்கு வந்தது. தொழில்வாகு கூடிய அளவுக்கு வேலை கூடியதா என்பது தனியே ஆராய வேண்டியது.”

எனக்கு உறுத்தவில்லை.

- கொழிஞ்சாம்பாறையிலிருந்து

* * *

டீச்சர், வாகு வாகாகவே இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். இந்தப் பட்டியல் அளப்பது விதிகளையும் அனுமதிகளையும். 14-ஆம் இடத்தில் இருந்தபோதும் தமிழ்நாட்டில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆலைகள் வந்துகொண்டுதான் இருந்தன. துறைமுகம், பயிற்சி பெற்ற ஆட்கள், உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. ஆகவே விதிகளின் எளிமைக்குத் தொழில்வாகு. இவற்றையும் சேர்த்துச் சொல்லும் கிளைமேட்டுக்குத் ‘தொழில் நிலவரம்’. சந்தை நிலவரம் என்று படித்துப் பழகியவர்களுக்கு இது புரியாமல் போகாது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்ட வேண்டாம்.

அப்புறம், எல்லா அனுமதிகளையும் ஒரே இடத்தில் கேட்டு வாங்கும் ஏகஜாலகத்தை ஒற்றைச் சாளரம் என்றே எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஏகஜாலகம் என்றால் பிளஸ் ஒன் அட்மிஷன்தானே ஞாபகம் வரும்!

- பொள்ளாச்சியிலிருந்து