எஸ்பி-1200 டிரம் ஒலி: பிட்கிரஷரில் எதைத் தவறவிடுகிறேன்?

வணக்கம் நண்பர்களே. 1987-இல் வந்த இ-மு எஸ்பி-1200 சாம்ப்ளரின் (ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவி) டிரம் ஒலியைக் கம்ப்யூட்டரிலேயே கொண்டுவர ரொம்ப நாளாக முயல்கிறேன். அந்த மெஷினின் கணக்குப்படியே பிட்கிரஷரில் (ஒலியின் தரத்தை வேண்டுமென்றே குறைக்கும் மென்பொருள்) 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ் வைத்தேன். ஸ்னேர் கரகரக்கிறது, ஆனால் அந்தக் கனமும் முறுக்கும் வரவே இல்லை.

விஷயம் பிட்ச் மாற்றத்தில்தான் என்று நினைக்கிறேன். அந்த மெஷினின் நினைவகம் மொத்தமே சுமார் 10 விநாடி. அதனால் இடம் மிச்சமாக, நிமிடத்துக்கு 33 சுற்று வேக இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிந்து, பிறகு மெஷினுக்குள் பிட்ச்சை இறக்குவார்கள். அப்படி இறக்கும்போது மெஷின், சாம்ப்ள்களுக்கு (ஒலியை அளவெடுத்த புள்ளிகள்) நடுவே வரும் இடைவெளியை மழுப்பி நிரப்பாது. இருக்கும் சாம்ப்ளையே திரும்பப் படிக்கும். அங்கே பிறக்கும் அந்த உலோக ரீங்காரம்தான் எனக்கு உயிர்.

நானும் 5 செமிடோன் ஏற்றி, கிரஷ் செய்து, இறக்கிப் பார்த்தேன். என் மென்பொருள் எல்லாவற்றையும் வழவழப்பாக்கிவிடுகிறது.

இப்படி இடைவெளியை மழுப்பி நிரப்பும் இன்டர்போலேஷனை முழுக்க நிறுத்தக்கூடிய சாம்ப்ளர் பிளகின் எது? இலவசமானால் இன்னும் நல்லது. லோ-பாஸ் ஃபில்டரை (உயர் அதிர்வெண்களை வெட்டுவது) கிரஷருக்கு முன்னால் போடுவதா, பின்னாலா? உண்மையான மெஷினில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கிக், ஸ்னேர் இரண்டையும் பதிந்து அனுப்பத் தயார்.