தசைக்கு ஆற்றல் வரும் வழி: பத்து விநாடிக் கணக்கு சரிதானா?

நானூறு மீட்டர்

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக 400 மீட்டர் ஓட்டத்திற்குப் பயிற்சி எடுத்து வருகிறேன். எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம் இது: முதல் 10 விநாடிக்குத் தசையில் இருக்கும் ஏடிபியும் (ATP, தசை நேரடியாகச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) அதை உடனுக்குடன் மீட்டுத் தரும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் ஆற்றல் தரும், அவை தீர்ந்ததும் ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையைச் சிதைக்கும் வழி தொடங்கி 2 நிமிடம் வரை தாங்கும், அதற்குப் பிறகே ஆக்சிஜன் வழி திறக்கும். கடைசி 80 மீட்டரில் கால் இரும்பாய்க் கனப்பதற்கும் மறுநாள் தொடை வலிப்பதற்கும் லாக்டிக் அமிலம் என்னும் கழிவே காரணம் என்றும் சொன்னார்கள். எனக்கு ஓர் ஐயம் இருந்துகொண்டே இருக்கிறது. 150 மீட்டரைத் தாண்டும்போதே எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிடுகிறது. ஆக்சிஜன் வழி 2 நிமிடம் கழித்துத்தான் திறக்கும் என்றால், 50 விநாடியில் முடிந்துவிடும் ஓட்டத்தில் அந்த மூச்சு எதற்கு?

தடகளப் பயிற்றுநர்

தம்பி, உங்களுக்குச் சொல்லித் தந்தது அடிப்படையில் சரியானதே. சர்க்கரையோ கொழுப்போ தசையை நேரடியாக இயக்குவதில்லை. தசை இழை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் செலவழிப்பது ஏடிபியை மட்டுமே. முழு வேகத்தில் ஓடினால் கையிருப்பில் உள்ள ஏடிபி 2 அல்லது 3 விநாடிக்குத்தான் காணும். அதைப்போல மூன்று, நான்கு மடங்கு இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் மேலும் சில விநாடிகளுக்கு ஈடு கொடுக்கும். உலகின் மிகச் சிறந்த 100 மீட்டர் வீரர்கள்கூட 60, 70 மீட்டரை ஒட்டி உச்ச வேகத்தைத் தொட்டுவிட்டுக் கடைசி 20 மீட்டரில் சிறிது வேகம் இழக்கிறார்கள் என்பதைக் கடிகாரமே காட்டுகிறது. முதல் இருப்பு வற்றிவிட்டதன் அடையாளமாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

மூச்சைப் பொறுத்தவரை, ஓட்டத்தின்போது வாங்கிய கடனை உடல் அடைக்கத் தொடங்குகிறது என்று கொள்ளலாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மூன்று கட்டக் கணக்கை வைத்துத்தான் நான் பயிற்சியை வகுத்து வருகிறேன். அது என்னைக் கைவிட்டதில்லை.

உயிர்வேதி

ஐயா, உங்கள் அனுபவத்தை மதித்தே மறுக்கிறேன். ஒன்று தீர்ந்த பிறகு மற்றொன்று திறக்கும் தொட்டிகளாக இந்த மூன்று வழிகளையும் வரைவது பாடத்தை எளிதாக்குவதாகத் தோன்றினாலும், தசைக்குள் நடப்பதை அது தலைகீழாக்கிவிடுகிறது. துப்பாக்கி ஒலித்த கணத்திலேயே மூன்றும் ஒருசேர வேலையைத் தொடங்குகின்றன. எந்த வழி எவ்வளவு வேகமாக ஏடிபியை ஆக்கித் தர முடியும், தசை எவ்வளவு வேகமாக அதைக் கேட்கிறது என்ற இரண்டும் சேர்ந்தே அவற்றின் பங்கைத் தீர்மானிக்கின்றன.

மிதிவண்டிப் பொறியில் 6 விநாடி மட்டும் முழு மூச்சாக மிதிக்கச் செய்து, தொடைத் தசையிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த 6 விநாடிக்குள்ளேயே, ஆக்சிஜன் இன்றிப் பிறந்த ஏடிபியில் பாதிக்குச் சற்றே குறைந்த பங்கு சர்க்கரைச் சிதைவிலிருந்து வந்திருந்தது. 10 விநாடி வரை காத்திருக்க வேண்டிய வழி அப்படி ஆறாவது விநாடிக்குள் வேலை செய்திருக்க முடியாது. ஆக்சிஜன் வழியும் இதைப் போன்றதே. நன்கு பயிற்சி பெற்ற ஒருவர் 400 மீட்டர் ஓடும்போது அரை நிமிடம் கடப்பதற்குள் அவருடைய ஆக்சிஜன் நுகர்வு தன் உச்சத்தை நெருங்கிவிடுகிறது. அந்த ஓட்டத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஆக்சிஜன் வழியே கிடைக்கிறது. 800 மீட்டரில் அது 60 விழுக்காட்டைத் தாண்டுகிறது. தாங்கும் அளவுக்கு முழு முயற்சியோடு செய்யும் எந்தப் பயிற்சியிலும், ஆக்சிஜன் வழியும் ஆக்சிஜனற்ற வழிகளும் சரிபாதியாகும் இடம் 75 விநாடியை ஒட்டி வருகிறது. உங்கள் பாடம் சொல்லும் 2 நிமிடக் கணக்கு இதற்குப் பொருந்தவில்லை. ஆகவே, தம்பி, 150 மீட்டரில் நீங்கள் வாங்கும் மூச்சு அப்போதே செலவாகிக் கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். ஏடிபி "தீர்ந்துபோவது" இல்லை. இனி ஓர் அடி எடுத்து வைக்க முடியாது என்று சோர்ந்து விழுந்தவரின் தசையிலும், ஓய்வில் இருந்த ஏடிபியில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. உண்மையிலேயே தீர்ந்துவிட்டால் தசை தளர முடியாமல் விறைத்துவிடும். இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைப்பதற்குக் காரணமே அதுதான்.

தடகளப் பயிற்றுநர்

விழுக்காடுகளை மறுக்கவில்லை. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு ஒரு பயிற்றுநர் என்ன செய்வது? 30 மீட்டர் பாய்ச்சலுக்குப் பிறகு எவ்வளவு ஓய்வு, 300 மீட்டருக்குப் பிறகு எவ்வளவு ஓய்வு என்பதற்கு எனக்கு விடை தேவை. மூன்று கட்டக் கணக்கு அதைத் தருகிறது. எளிமைப்படுத்தல் எல்லாமே பிழையாகிவிடாது.

லாக்டிக் அமிலத்தைப் பற்றியும் சொல்கிறேன். தவளைத் தசை களைக்கும்போது லாக்டிக் அமிலம் சேர்வதை ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும் 1907இலேயே காட்டிவிட்டார்கள். தசையின் வெப்பத்தையும் லாக்டிக் அமிலத்தையும் ஆராய்ந்த ஏ. வி. ஹில்லுக்கும் ஓட்டோ மேயர்ஹோஃபுக்கும் 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அதோடு என் கண்ணால் பார்த்ததும் உண்டு. ஓய்வில் லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவில் இருக்கும் இரத்த லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), 400 மீட்டர் ஓடி முடித்துத் தரையில் படுத்துக் கிடக்கும் பையனின் காதுமடலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் 18, 20 என்று காட்டுகிறது. இவ்வளவு தெளிவாக உடன் வரும் ஒன்றுக்கும் களைப்புக்கும் தொடர்பே இல்லை என்று எப்படிச் சொல்வது?

உயிர்வேதி

உடன் வருவதும் காரணமாக இருப்பதும் வேறு. தீப்பிடித்த இடத்தில் எல்லாம் தீயணைப்பு வண்டி நிற்கிறது என்பதற்காக அதுதான் தீயை மூட்டியது என்று நாம் சொல்வதில்லையே.

நீங்கள் வரலாற்றைத் தொட்டதால் அதையே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. ஹில், மேயர்ஹோஃப் காலத்தில் தசையைச் சுருக்குவதே லாக்டிக் அமிலம்தான் என்ற கருத்து நிலவியது. 1927இல் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகடா சுப்பாராவும் தசையில் கிரியேட்டின் பாஸ்பேட்டைக் கண்டறிந்தார்கள். அது உழைப்பில் குறைந்து ஓய்வில் மீள்வதைக் காட்டினார்கள். 1930இல் ஐனர் லுண்ட்ஸ்கார்ட் செய்த சோதனை பழைய கருத்தை அடியோடு சாய்த்தது. சர்க்கரைச் சிதைவைத் தடுக்கும் அயடோ அசெட்டிக் அமிலம் ஏற்றப்பட்ட தசை, துளி லாக்டிக் அமிலமும் உண்டாக்காமல் பலமுறை சுருங்கியது. கிரியேட்டின் பாஸ்பேட் கரைந்து முடிந்த பிறகே விறைத்து நின்றது. சுருங்குவதற்கு லாக்டிக் அமிலம் தேவையில்லை என்பது அன்றே முடிவாகிவிட்டது.

களைப்புக்கு அது தேவையா என்பதற்கு மனித உடலிலேயே ஒரு சான்று உண்டு. 1951இல் பிரையன் மெக்ஆர்டில் விவரித்த ஒரு பிறவிக் குறைபாட்டில், தசையால் தன்னிடம் சேமித்துள்ள சர்க்கரையான கிளைகோஜனைச் சிதைக்க இயலாது. அத்தகையவர்கள் எவ்வளவு உழைத்தாலும் லாக்டேட் உயர்வதில்லை, தசை அமிலமாவதும் இல்லை. ஆனாலும் அவர்கள் மற்றவர்களைவிட மிக விரைவாகக் களைக்கிறார்கள். சில படிகள் ஏறினாலே தசை பிடித்துக்கொள்கிறது.

லாக்டேட் உருவாவதன் நோக்கமும் கவனிக்கத்தக்கது. சர்க்கரைச் சிதைவு ஓட வேண்டுமானால் என்ஏடி என்னும் துணைப்பொருள் திரும்பத் திரும்பக் கிடைக்க வேண்டும். சர்க்கரை சிதைந்து கிடைக்கும் பைருவேட் லாக்டேட்டாக மாறும்போது அந்த என்ஏடி மீட்கப்படுகிறது. அந்த வினை ஒரு ஹைட்ரஜன் அயனியையும் உள்வாங்கிக்கொள்கிறது. இப்படிப் பிறந்த லாக்டேட் பக்கத்தில் மெதுவாகச் சுருங்கும் தசை இழைகளுக்கும் இதயத்திற்கும் சென்று எரிபொருளாகிறது. ஒரு பகுதி கல்லீரலை அடைந்து மறுபடியும் குளுக்கோஸாகிறது. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் தசை லாக்டேட் ஆக்குகிறது என்பதையும், அது உறுப்புக்கு உறுப்பு கைமாறும் எரிபொருள் என்பதையும் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்து வலியுறுத்தி வருகிறார்.

மறுநாள் வரும் வலிக்கும் லாக்டேட்டுக்கும் தொடர்பில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் லாக்டேட் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது; வலியோ ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சம் அடைகிறது. சரிவில் இறங்கி ஓடினால் லாக்டேட் அதிகம் சேர்வதில்லை, ஆனால் மறுநாள் எழுந்து நடக்கவே முடிவதில்லை. நீண்டுகொண்டே சுமை தாங்கும் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமே அங்கே வேலை செய்கிறது.

தடகளப் பயிற்றுநர்

மறுநாள் வலி பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன்; இனி அப்படிச் சொல்லித் தர மாட்டேன். ஆனால் மெக்ஆர்டில் சான்றை ஏற்கத் தயங்குகிறேன். அவர்கள் எரிபொருளே கிடைக்காமல் களைக்கிறார்கள். என் ஓட்டக்காரர்களுக்கு எரிபொருள் இருக்கிறது, ஆனாலும் கால் கனக்கிறது. ஒருவர் பசியால் மயங்கி விழுந்தார் என்பதற்காக, வெயிலால் எவரும் மயங்குவதில்லை என்று ஆகிவிடுமா?

உயிர்வேதி

நியாயமான கேள்வி. அமிலம் இல்லாமலும் களைப்பு வரும் என்பதை மட்டுமே அந்தச் சான்று நிறுவுகிறது. அமிலத்திற்குப் பங்கே இல்லை என்று நிறுவவில்லை. நான் அதை அளவுக்கு மீறி இழுத்துவிட்டேன்.

400 மீட்டரின் முடிவில் தசை அமிலமாகிறது என்பது உண்மை. அந்த ஹைட்ரஜன் அயனிகள் எங்கிருந்து வருகின்றன என்பதில் உயிர்வேதியியலாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அமிலம் தசையின் விசையைக் குறைப்பதாகக் காட்டிய பழைய சோதனைகள் பல, குளிர்ந்த நிலையில் வைக்கப்பட்ட தனி இழைகளில் செய்யப்பட்டவை. வெப்பத்தை உடலின் அளவுக்கு உயர்த்தியபோது அந்தத் தாக்கம் பெரிதும் குறைந்தது. கிரியேட்டின் பாஸ்பேட் உடையும்போது விடுபடும் பாஸ்பேட் சேர்வது இப்போது முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது; அமிலமும் பாஸ்பேட்டும் சேர்ந்திருக்கும்போது பாதிப்பு கூடுகிறது. லாக்டேட் அந்தக் கூட்டத்தில் உடன் நிற்கிறதே தவிர, குற்றவாளி இல்லை.

நெடுவழி

நீண்ட தூரம் ஓடுபவன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். நீங்கள் இருவரும் விநாடிக் கணக்கிலேயே நிற்கிறீர்கள்; என் உலகில் கேள்வியே வேறு. ஆக்சிஜன் வழிக்குள்ளேயே கொழுப்பா, சர்க்கரையா என்பதுதான் எங்கள் கவலை. தசைகளில் 300 முதல் 500 கிராம் வரையும் கல்லீரலில் 100 கிராமை ஒட்டியும் கிளைகோஜன் இருக்கிறது. மெலிந்தவரிடமும் கொழுப்பு கிலோ கணக்கில் உண்டு. ஆனால் ஒவ்வொரு லிட்டர் ஆக்சிஜனுக்கும் சர்க்கரை ஏறத்தாழ 5 கிலோகலோரி தரும்போது கொழுப்பு 4.7 அளவில்தான் தருகிறது. மேலும் அது மெதுவாகவே வருகிறது. அதனால் வேகம் கூடக் கூட உடல் சர்க்கரையின் பக்கம் சாய்கிறது.

இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, மெதுவாக நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்று பலர் நம்புகிறார்கள். மெதுவான நடையில் கொழுப்பின் விழுக்காடு அதிகம். மொத்தச் செலவு குறைவு. மிதமான ஓட்டத்தில் விழுக்காடு குறைந்தாலும் நிமிடத்திற்கு எரியும் கொழுப்பின் அளவு கூடுகிறது. உடல் எடை குறைவதோ நாள் முழுவதும் உண்டதற்கும் செலவழித்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது.

தடகளப் பயிற்றுநர்

நெடுவழி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. 30 மீட்டர் பாய்ச்சலுக்கு 3 நிமிட ஓய்வு, 150 மீட்டருக்கு 8 நிமிடம் அல்லது அதற்கு மேல் என்று நான் தருகிறேன். தொட்டி மீண்டும் நிரம்ப நேரம் வேண்டும் என்பதே என் காரணம். தொட்டி என்ற படத்தையே அழித்துவிட்டால் இந்த ஓய்வுகளுக்கு என்ன அடிப்படை?

உயிர்வேதி

உங்கள் ஓய்வு நேரங்கள் சரியானவை. அவற்றை மாற்றச் சொல்லவில்லை. கிரியேட்டின் பாஸ்பேட் ஏறத்தாழ அரை நிமிடத்தில் பாதி மீள்கிறது, 3 முதல் 5 நிமிடத்தில் பெரும்பகுதி மீண்டுவிடுகிறது. 150 மீட்டருக்குப் பிறகு அமிலத்தன்மை நீங்க அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. இவ்வளவும் உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஆனால் நிரப்புவது யார் என்று பாருங்கள். களைத்த தொடையைச் சுற்றிப் பட்டையை இறுக்கிக் கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டால், எத்தனை நிமிடம் காத்திருந்தாலும் கிரியேட்டின் பாஸ்பேட் மீள்வதில்லை. பட்டையைத் தளர்த்தி ஆக்சிஜன் வந்த பிறகே ஏறத் தொடங்குகிறது. நீங்கள் "ஆக்சிஜனற்ற முதல் தொட்டி" என்று வரைவதை நிரப்புவதே ஆக்சிஜன் வழிதான். பையன் தடத்தின் ஓரத்தில் இடுப்பில் கை வைத்து நின்று மூச்சு வாங்கும் அந்த 3 நிமிடமும், செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி ஆக்கும் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்கிறது. தொட்டிகள் தனித்தனி என்று நம்பிய பயிற்றுநர்கள் சிலர், குறுந்தூர ஓட்டக்காரர்களுக்கு ஆக்சிஜன் வழியைப் பேணும் பயிற்சியே வேண்டாம் என்று விலக்கியதை நான் பார்த்திருக்கிறேன். படம் தவறினால் வரும் இழப்பு அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு வலிந்து வாதாடினேன்.

தடகளப் பயிற்றுநர்

பட்டைச் சோதனையை நான் அறிந்திருக்கவில்லை. என் 400 மீட்டர் குழுவுக்கு வாரத்தில் ஒரு நாள் மெதுவான தொடர் ஓட்டம் தருவதை இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிறுத்திவிட்டேன். அது தேவையில்லாத தொட்டி என்று நினைத்ததே காரணம். அதை மீண்டும் சேர்க்கிறேன். பலகையில் மூன்று தொட்டிகளுக்குப் பதிலாக, ஒரே நேரத்தில் தொடங்கி வெவ்வேறு உயரத்திற்கு ஏறி இறங்கும் மூன்று கோடுகளை வரைவேன். 10 விநாடி, 2 நிமிடம் என்ற எண்களை மட்டும் முழுவதும் அழிக்க மாட்டேன். எந்தக் கோடு எங்கே மேலெழுகிறது என்று காட்ட மாணவர்களுக்கு ஏதாவது ஓர் அளவு வேண்டும்.

உயிர்வேதி

அந்த 2 நிமிடத்தை மட்டும் 75 விநாடி என்று மாற்றி எழுதிவிடுங்கள் ஐயா.

நானூறு மீட்டர்

இருவருக்கும் நன்றி. போட்டிக்கு முன் நன்றாக உடலைச் சூடேற்றிக்கொண்ட நாட்களில் மூச்சு முன்னதாகவே சீராகிக் கடைசி நேர்ப்பாதையில் கால் சற்றுத் தாங்குவதைக் கவனித்திருக்கிறேன். ஆக்சிஜன் கோடு சீக்கிரம் ஏறுவதால்தான் அப்படி இருக்குமோ?

உயிர்வேதி

ஆம், அதுவும் ஒரு காரணம். முன்கூட்டியே ஓரளவு கடினமாக உழைத்திருந்தால் தசைக்கு இரத்த ஓட்டம் கூடியிருக்கும், நொதிகளும் விழித்திருக்கும். அதனால் அடுத்த ஓட்டத்தில் ஆக்சிஜன் நுகர்வு விரைவாக உயர்கிறது. ஆனால் அதற்கும் துப்பாக்கி ஒலிக்கும் நேரத்திற்கும் இடையில் கிரியேட்டின் பாஸ்பேட் மீள்வதற்குப் போதிய இடைவெளி விடுங்கள். 10 நிமிடத்திற்குக் குறையாமல் இருக்கட்டும்.