அரசுப் பள்ளியில் கல்லூரி நடத்தும் சனிக்கிழமை அறிவியல், கணித வகுப்பு: எப்படித் திட்டமிடுவது?

குவியாடி (கேள்வி):
எங்கள் கல்லூரியின் இயற்பியல், கணிதத் துறைகள் சேர்ந்து பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு 40 பேருக்கு ஆறு சனிக்கிழமை வகுப்பு நடத்தப் போகின்றன. பள்ளியின் அறிவியல், கணித ஆசிரியர்கள் இருவரும் கூடவே இருப்பார்கள். கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. பள்ளியில் தனி ஆய்வகம் கிடையாது. ஒருநாள் கண்காட்சியாக முடித்துவிட விருப்பமில்லை. அனுமதி யாரிடம் வாங்குவது, எதையெதைச் செய்ய வைப்பது?

கோப்புக்கட்டு:
முதலில் பள்ளித் தலைமையாசிரியரிடம் (எச்.எம்.) பேசிவிடுங்கள். பிறகு கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு முதன்மைக் கல்வி அலுவலருக்குக் (சிஇஓ) கடிதம், நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் (டிஇஓ) எச்.எம்.முக்கும். தேதிகள், வகுப்பு, உள்ளே வருபவர்களின் பெயர்ப்பட்டியல், கட்டணம் இல்லை என்ற உறுதி ஆகியவை கடிதத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் விவரம் கேட்டுத் திரும்பி வரும். கல்லூரித் தரமதிப்பீட்டுக்கான 'நாக்' ஆவணத்துக்கு, இடக்குறிப்போடு கூடிய ஜியோடேக் படம் வேண்டுமென்று கல்லூரியில் நச்சரிப்பார்கள். பிள்ளைகள் முகம் தெரிய எடுப்பதற்கும் எச்.எம். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

தேதி குறிக்கும் முன், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் குறுவள மையக் கூட்டம் என்றைக்கு என்று கேளுங்கள். அன்று ஆசிரியர்கள் இருவரும் அங்கே போய்விட்டால் பாதித் திட்டம் போச்சு. விடுமுறைச் சனி என்றால் சத்துணவும் கிடையாது. 12 மணிக்குள் முடியுங்கள், அல்லது சாப்பாட்டுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

ஒன்பதாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்தது சரி. அரசுப் பள்ளிகளில் அறிவியல், கணிதச் செய்முறைக்காக 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரைக்கானது. அதற்கு மேல் கையால் செய்து பார்ப்பது சட்டென்று குறைந்துவிடுகிறது.

நூலும்நட்டும்:
ஆறு வாரத்துக்கு ஆறு தலைப்பு வைக்காதீர்கள் சார். மூன்று போதும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம்.

முதலாவது தனி ஊசல். நான்கு பேர் ஒரு குழு: விடுபவர், எண்ணுபவர், ஸ்டாப்வாட்ச் பிடிப்பவர், எழுதுபவர். குண்டுக்கு மூன்று நட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் போதும். நூலை ஆணியில் சுற்றாதீர்கள்; ஆட ஆடச் சுற்று இளகி நீளம் மாறும். இரண்டு அழிரப்பர் துண்டுகளுக்கு நடுவே நூலை இறுக்கிப் பெஞ்சு விளிம்பில் கட்டுங்கள். நீளம் 30, 50, 70, 90 செ.மீ.; ஒவ்வொன்றுக்கும் 20 அலைவு (போய்த் திரும்பினால் ஒன்று), மூன்று முறை. நேரம் முறையே 22.0, 28.4, 33.6, 38.1 நொடிக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

தவறு வரும் இடம் பெரும்பாலும் எண்ணிக்கைதான். குண்டை விடும்போதே "ஒன்று" என்று தொடங்கினால் உண்மையில் 19 அலைவுதான் ஆகியிருக்கும். அதை 20ஆல் வகுத்தால் அலைவுநேரம் 5% குறையும், புவியீர்ப்பு முடுக்கம் g கிட்டத்தட்ட 10.9 என்று வரும். "பூஜ்யம்" என்று தொடங்கப் பழக்குங்கள். ஓரத்தில் குண்டு தயங்கி நிற்கும். வேகம் அதிகமான நடுப்புள்ளியில் சாக்பீஸ் கோடு போட்டு, அதை ஒரே திசையில் கடக்கும்போது எண்ணினால் நேரம் துல்லியமாகக் கிடைக்கும். 50 செ.மீ. நூலுக்கு 8 செ.மீ.க்கு மேல் இழுக்க வேண்டாம். 30 பாகை வரை இழுத்தால் g 3% போலக் குறைந்து வரும்.

நீளத்தை நட்டின் நடுவரை அளக்காமல் மேல்முனையோடு நிறுத்திவிடுவார்கள். திருத்தாதீர்கள்! அலைவுநேரத்தின் வர்க்கத்தை (T²) நீளத்துக்கு எதிராக வரையச் சொல்லுங்கள். கோடு ஆதிப்புள்ளிக்குச் சற்று மேலே வெட்டும், ஆனால் சாய்வு மாறாது; மீட்டருக்கு 4.03 நொடி² அளவில் வந்தால் g சரி. "ஏன் பூஜ்யத்தில் போகவில்லை?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாரம் வரை விட்டுவையுங்கள்.

புள்ளிக்கோலம்:
கணிதத்துக்குப் பிக் தேற்றம்: முனைகள் புள்ளிகளில் அமைந்த உருவத்தின் பரப்பைப் புள்ளிகளை எண்ணியே சொல்லிவிடலாம். 1 செ.மீ. இடைவெளிப் புள்ளித்தாள் மட்டும் போதும். பரப்பு = உட்புள்ளிகள் + எல்லைப் புள்ளிகளில் பாதி − 1. சூத்திரத்தை நீங்கள் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. உட்புள்ளியே இல்லாத உருவங்களில் தொடங்கி அட்டவணை போட்டு அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

(0,0), (4,2), (1,3) முக்கோணத்தைக் கட்டாயம் கொடுங்கள். பரப்பு 5. எல்லையில் 4, உள்ளே 4. (2,1) ஒரு பக்கத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதைப் பலர் கவனிக்க மாட்டார்கள். அதை விட்டுவிட்டால் 4.5, உள்ளே சேர்த்தால் 5.5. விடை தப்பும்போது எந்தப் புள்ளி என்று அவர்களே தேடுவார்கள். நடுவில் ஓட்டை உள்ள உருவத்துக்கு விடை சரியாக 1 குறையும். இரண்டாம் வாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு ஆயத்தொலை முக்கோணப் பரப்புக்கு நேரடியாக உதவும் என்பதால் கணித ஆசிரியரும் ஆர்வம் காட்டுவார்.

குவியாடி:
நன்றி. மூன்றாவதாக டிவிடி நிறமாலைகாட்டி நினைத்தேன்: குறுகிய பிளவு உள்ள பெட்டியில் டிவிடித் துண்டை ஒட்டி ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்ப்பது. சரியாக வருமா?

நூலும்நட்டும்:
வரும். வெற்று டிவிடி-ஆர் வாங்கி விளிம்பில் பிளேடு நுழைத்து இரண்டாகப் பிளந்து, ஊதாச் சாயத்தை ஸ்பிரிட்டில் கழுவுங்கள். இதைக் கல்லூரியிலேயே முடித்து எடுத்துப் போங்கள். பிளேடு பிள்ளைகள் கையில் வேண்டாம். வெளி விளிம்பிலிருந்து 2 செ.மீ. துண்டுகள் வெட்டுங்கள், அங்கேதான் டிவிடியின் நுண்வரிகள் ஏறக்குறைய நேராக இருக்கும். வரியும் பிளவும் இணையாக இல்லையென்றால் நிறங்கள் கலங்கும். வரி இடைவெளி 0.74 மைக்ரான் என்பதால் பச்சை 48 பாகையில் விழும். நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பெட்டியின் பக்கச் சுவர் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சிஎப்எல் விளக்கு ஒன்று தேடி வையுங்கள்: அதில் தனித்தனிக் கோடுகள், எல்இடியில் தொடர் பட்டை. வேறுபாடு கண்ணில் அடிக்கும். சிஎப்எல் உள்ளே பாதரசம் இருக்கிறது, உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதைப் பெட்டி மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

கோப்புக்கட்டு:
இரண்டாம் வாரம் முதல் பள்ளி ஆசிரியர் நடத்த, உங்கள் மாணவர்கள் குழுக்களுக்கு உதவட்டும். பத்துக் குழுவுக்கான சாமான்களை ஒரே டப்பாவில் போட்டு, பட்டியலோடு பள்ளியிலேயே விட்டுவிடுங்கள். இருப்புப் பதிவேட்டில் ஏற்றாமல் கொடுத்தால் தணிக்கைக்குப் பயந்து பீரோவில் பூட்டிவிடுவார்கள். அதன்பின் தொடர விரும்புபவர்களுக்கு, மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் விஞ்ஞான் பிரதிபா செயல்பாட்டு அலகுகள் எட்டு முதல் பத்து வகுப்புக்கானவை. கணிதத்துக்குச் சென்னையின் கணித ஆசிரியர் சங்கமான ஏஎம்டிஐ நடத்தும் என்எம்டிசி கணிதத் திறன் தேர்வில் ஒன்பது, பத்து வகுப்புகள் ஜூனியர் பிரிவு.